மூன்றாவது வரி

இரண்டாயிரத்து முந்நூற்று ஐம்பது. செத்துப்போன என் அப்பா தையல்காரருக்குத் திருப்பித் தரவேண்டிய முன்பணம் அது. ஒரு காசு கூட்டிச் சொல்லவில்லை. இனி சொல்லப்போவதிலும் கூட்டியது எதுவும் இல்லை. நம்பாதவர்கள் நம்பாமலே படியுங்கள். அன்று அந்த வீட்டில் இருந்தவன் நான்.

அப்பா கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுகிறவர். ஒரு பலகையின் எழுத்து மாதிரி இன்னொன்று இருக்காது. ஒன்று சாய்ந்திருக்கும், ஒன்று குண்டாக உருண்டிருக்கும். ஓரத்தில் கத்தரிக்கோல், பறவை என்று படம் வேறு. என்ன கற்பனை என்று ஊரே மெச்சும். வீட்டில் உலை கொதிக்காது. ஒரு பலகைக்கு மூன்று மாதம் எடுத்தால் எங்கிருந்து கொதிக்கும்? ஊருக்கெல்லாம் எழுதியவர் எனக்கு ஒரு எழுத்து சொல்லித் தரவில்லை. கேட்டால், "போடா, வேலை இருக்கு" என்பார். பத்து வயதில் மூட்டை தூக்கப் போனேன். முப்பத்தெட்டில்தான், கிடங்குத் தொழிலாளர்களுக்கு நடந்த மாலை வகுப்பில், எழுத்துக் கூட்டப் படித்தேன். அந்த எரிச்சல் அவரைப் புதைத்த பிறகும் தணியவில்லை.

அவர் செத்த பதினொன்றாம் நாள் தையல்காரர் வந்தார்.

"மூணு மாசமா உங்கப்பா என் பலகைல வரைஞ்ச ஊசிக்கு நூல் கோத்துக்கிட்டிருந்தாரு, தம்பி. நாளைக்குக் காலைல ஆறு மணி. பலகை, இல்லேன்னா பணம். ரெண்டும் இல்லேன்னா உன் சைக்கிள்."

சைக்கிள் போனால் கிடங்கு வேலையும் போகும்.

பலகைக்கு இரண்டே வரி. முதல் வரி முடிந்திருந்தது. இரண்டாவதில் பாதி. தையல்காரர் எழுதிக் கொடுத்திருந்த சீட்டைப் பார்த்து மீதியை நானே எழுதினேன். மூட்டை தூக்குகிற கை. எழுத்தெல்லாம் தள்ளாடியது. அப்பாவைத் திட்டிக்கொண்டே முடித்தேன். பிரஷைக் கழுவித் துடைத்து, பெயின்ட் டப்பாவை மூடியபோது மணி 12.50. அப்பாவின் வேலை அறைக் கதவைச் சாத்திவிட்டுக் கூடத்தில் படுத்தேன்.

2.35.

தட்... தட்.

டப்பா விளிம்பில் பிரஷைத் தட்டும் சத்தம். அப்பா எப்போதும் இரண்டே தட்டுதான் தட்டுவார். எலியாக இருக்கும் என்று திரும்பிப் படுத்தேன்.

2.41.

தட்... தட்.

எலி எண்ணியா தட்டும்?

எழுந்தேன். கதவிடுக்கில் வெளிச்சம் இல்லை. திறந்தேன்.

யாரும் இல்லை.

டப்பா திறந்திருந்தது.

பிரஷ் ஈரம்.

அப்பா உட்காரும் முக்காலியைத் தொட்டேன்... சூடு.

டார்ச்சைப் பலகைமேல் அடித்தேன். என் கோணல் வரிக்குக் கீழே புதிதாக ஒரு வரி. எழுத்துக் கூட்டினேன்.

அ... வ... ச... ர...

'அவசரப்படுத்தாதீர்கள்.'

கடைசி எழுத்திலிருந்து பெயின்ட் இன்னும் வழிந்துகொண்டிருந்தது.

விடியும்வரை நான் கண்ணை மூடவில்லை.

6.05க்குத் தையல்காரர் வந்தார். என் வரியைப் பார்த்துத் திட்ட வாயைத் திறந்தவர், கீழ் வரியைப் பார்த்ததும் வாயை மூட மறந்துபோனார்.

"இதை யாரு எழுதினது?"

"நான்தான்," என்றேன். வேறென்ன சொல்ல?

"பொய் சொல்லாத. இது என் பொண்டாட்டி கையெழுத்து." "இதையேதான் தாள்ல எழுதி மெஷினுக்கு மேல ஒட்டியிருந்தா. அவ செத்துப்போயி நாலு வருஷம். அந்தத் தாளும் மழைல கரைஞ்சுபோச்சு. உங்கப்பா அப்ப என் கடைக்குள்ள வந்ததே இல்லையே..."

உள்ளேயிருந்து அம்மா வந்து பலகையைப் பார்த்தாள். இத்தனை வருஷம் சொல்லாததை அப்போதுதான் சொன்னாள்.

"அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாதுங்க. கடைக்காரங்க எழுதித் தர்ற சீட்டை எதிர்ல வெச்சுக்கிட்டு, அவங்கவங்க கையெழுத்தையே பெருசா வரைவாரு. வெளிய சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருந்தாரு. சீட்டு இல்லாம ஒரு புள்ளிகூட வெக்க மாட்டாரு."

இத்தனை வருஷம் எதற்காக அவரைத் திட்டிக்கொண்டிருந்தேன்?

தையல்காரர் மெல்லக் கேட்டார். "அப்ப... ராத்திரி அவருக்குச் சீட்டு எழுதிக் குடுத்தது?"



சட்டைப் பையிலிருந்து முன்பண ரசீதை எடுத்து நான்காகக் கிழித்தார். ஈரம் கலையாமல் பலகையைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு படி இறங்கினார். வாசலில் நின்று, அந்த வரியைப் பார்த்துச் சொன்னார்.

"சரி... சரி. இனிமே யாரையும் அவசரப்படுத்தல. போதுமா?"