பெயர் சொல்லாத ஜெபம்

ஜெபினாவுக்கு முதலில் சந்தேகம் வந்தது வாசனையில்தான். பள்ளிவிட்டு ஓடிவந்து கட்டிக்கொண்ட மகளின் அக்குளில் வளர்ந்த ஆளின் வியர்வை நாற்றம் அடித்தது. ரோஷினிக்கு ஆறரை வயது. டெக்சஸ் வெயில் அப்படி என்று அன்று சமாதானம் சொல்லிக்கொண்டாள். இரண்டு வாரம் கழித்துக் குளிப்பாட்டும்போது மகளின் இடது மார்பில், தோலுக்கு அடியில், புளியங்கொட்டை அளவுக்கு ஒன்று கையில் தட்டுப்பட்டது. தொட்டதும் ரோஷினி கையைத் தள்ளிவிட்டாள்.

குழந்தை மருத்துவர் பார்த்துவிட்டு ஹார்மோன் டாக்டரிடம் அனுப்பினார். அந்த டாக்டர் ரோஷினியின் இடது கையை எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். படத்தைத் திரையில் போட்டு விரல் எலும்புகளைக் காட்டினார். "வயது ஆறரை. எலும்புக்கு ஒன்பது வயது ஆகிவிட்டது" என்று ஆங்கிலத்தில் நிதானமாகச் சொன்னார். பத்து வயதுவாக்கில் மூளையிலிருந்து கிளம்ப வேண்டிய சமிக்ஞை இப்போதே கிளம்பிவிட்டது. அப்படியே விட்டால் ஏழெட்டு வயதிலேயே பெரியவளாகிவிடுவாள், எலும்புகள் சீக்கிரம் வளர்ந்து முடிந்து உயரமும் நின்றுவிடும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை தொடையில் ஊசி போட்டால் அதை நிறுத்திவைக்கலாம். சாப்பாட்டாலோ வளர்ப்பாலோ வந்ததல்ல. ஊசிக்கு முன்னால், எதற்கும் இருக்கட்டும் என்று, தலைக்கு ஒரு ஸ்கேன். பெரும்பாலும் ஒன்றும் இருக்காது.

இவ்வளவிலும் ஜெபினாவின் காதில் தங்கியது கடைசி விஷயம் மட்டும்தான். தலைக்கு ஸ்கேன்.

காரில் திரும்பும்போது ரோஷினி பின் சீட்டிலிருந்து சுண்டுவிரலை நீட்டினாள். "அம்மா, டோன்ட் டெல் எனிபடி. பிங்கி ப்ராமிஸ்." தெரியலாம் என்று அவள் வைத்த ஆட்கள் மூன்றே பேர்: அம்மா, அப்பா, டாக்டர். சிக்னலில் கார் நின்றபோது ஜெபினா கையைப் பின்னால் நீட்டி அந்தச் சின்ன விரலில் தன் விரலைக் கோத்தாள்.

அவள் கணவன் ஆபேலும் அதையேதான் சொன்னான். "யாருட்டயும் சொல்லாண்டாம். எங்க அம்மாட்டகூட." சொல்லிவிட்டுக் கார் டயர்களில் காற்று சரியாக இருக்கிறதா என்று பார்க்கப் போய்விட்டான். கவலை வந்தால் அவனுக்கு அதுதான் வழி.

ஆனால் ஜெபினா வளர்ந்த விதம் வேறு. குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டுகிறவரின் மகள். அந்தக் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் அவள். எந்தப் படிப்புக்கு எழுதிப்போடுவது, விடுதியில் இடம் கேட்க யாரைப் பார்ப்பது, விசா நேர்காணலில் என்ன கேட்பார்கள் என்று சொல்லித்தர வீட்டில் ஆள் கிடையாது. அதனால் டீச்சர், பாதிரியார், முதல்வர் என்று ஒவ்வொருவர் முன்னாலும் போய் நின்று வீட்டு நிலைமையை ஒன்றுவிடாமல் சொல்லியிருக்கிறாள். சொன்ன இடத்தில்தான் கதவு திறந்திருக்கிறது. படித்தவர்கள் வீட்டில் பிறந்திருந்தால் எதைச் சொல்லலாம், எதை விழுங்கிவிட வேண்டும் என்று சின்ன வயதிலேயே பழகியிருக்குமோ என்னவோ. அவளுக்கு மனம் கனத்தால் சொல்லத்தான் தெரியும்.

அப்படிச் சொல்வதற்கு, அவர்கள் குடியிருக்கும் ரவுண்ட் ராக் ஊரில் அவளுக்கு இருந்த ஆள் ஜூலியட் அக்கா. சொந்த ஊர் நெய்யூர். இங்கே ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஜெபினாவும் ஆபேலும் வந்து இறங்கிய நாளில் விமான நிலையத்துக்கே சோற்றுப் பொதியோடு வந்தவள். ரோஷினி பிறந்தபோது ஊரிலிருந்து யாருக்கும் விசா கிடைக்கவில்லை. ஜூலியட் அக்காதான் லீவு போட்டு வந்து வெந்நீர் ஊற்றினாள், பிள்ளைப்பெற்றவளுக்கு மருந்து கிண்டிக் கொடுத்தாள், அழுத பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தாள்.

ஸ்கேனுக்கு முந்தைய வாரம், ஜூலியட் அக்காவிடம் வாங்கிவந்த பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்க அவள் வீட்டுக்குப் போனாள் ஜெபினா.

"என்ன மக்ளே, முகம் இப்படி வாடிக் கெடக்கு?"

அவ்வளவுதான். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. நின்ற நிலையில் அழுது எல்லாவற்றையும் சொன்னாள். வாசனை, புளியங்கொட்டை, எலும்பின் வயது, தலைக்கு ஸ்கேன். ஜூலியட் அக்கா அவள் தலையை இழுத்துத் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

"யாருக்கும் தெரியாண்டாம் அக்கா. பிள்ளைக்குச் சத்தியம் பண்ணிக் கொடுத்திருக்கேன். ஜெபம் மட்டும் பண்ணிக்கிடுங்க."

"நமக்குள்ளயே இருக்கும் மக்ளே. நம்மளும் ஆண்டவரும். வேற ஆரு?"

வீடு திரும்பும்போது மனம் லேசாக இருந்தது. அந்த லேசு உள்ளே எங்கேயோ உறுத்தவும் செய்தது. அழுதது மகளுக்காகவா, தன் பயத்துக்காகவா? யாராவது தலையைத் தடவிக்கொடுக்க மாட்டார்களா என்ற ஏக்கத்துக்கு, தனக்குச் சொந்தமில்லாத ஒன்றை எடுத்துச் செலவழித்துவிட்டோமோ? யோசித்தாள். அப்புறம் ஜூலியட் அக்காதானே என்று விட்டுவிட்டாள்.

அவர்கள் ஞாயிறுதோறும் ஆராதனைக்குக் கூடும் தமிழ்க் கிறிஸ்தவ ஐக்கியத்துக்கு ஒரு ஜெப லைன் உண்டு. காலை ஐந்தரைக்கு ஒரு நம்பரைப் போட்டால் நாற்பது வீடுகள் போனில் கூடும். ஒருவர் ஜெபிப்பார். மற்றவர்கள் தங்கள் பக்கத்துச் சத்தத்தை அணைத்துவிட்டுப் பல் தேய்ப்பார்கள், தோசை ஊற்றுவார்கள், ஃப்ரீவேயில் வண்டி ஓட்டிக்கொண்டிருப்பார்கள். முடிவில் மட்டும் ஒவ்வொருவராகச் சத்தத்தைத் திறந்து ஆமென் சொல்வார்கள். செவ்வாய்க்கிழமை ஜூலியட் அக்காவின் முறை. ஸ்கேனும் ஒரு செவ்வாய்க்கிழமையில்தான் வந்தது.

அன்று சமையலறையில் போன் உப்பு ஜாடியில் சாய்ந்து ஸ்பீக்கரில் பேசிக்கொண்டிருந்தது. ஜெபினா இட்லித் தட்டில் மாவு ஊற்றிக்கொண்டிருந்தாள். ஆபேல் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான். ஆஸ்பத்திரிக்குப் போகும் பதற்றத்தில் ரோஷினி தானாகவே எழுந்து வந்து சமையலறை வாசலில் நின்றதை இருவரும் கவனிக்கவில்லை.

நோயாளிகள், விசாவுக்குக் காத்திருப்பவர்கள் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிவந்த ஜூலியட் அக்காவின் குரல் தழுதழுத்தது.

"இப்ப ஒரு சின்னப் பெண்பிள்ளைக்காக வாறோம் ஆண்டவரே. பேரச் சொல்ல விரும்பல. நீர் அறிவீர். ரவுண்ட் ராக்ல உள்ள பிள்ளை. ஆறு வயசு. ஒரே மக. போன ஞாயித்துக்கிழம நமக்கெல்லாம் கிழங்கும் மீன்கறியும் கொண்டுவந்தாளே, அந்தச் சகோதரிக்க மக..."

ஜெபினாவின் கையில் கரண்டி நின்றது.

"வயசுக்கு முந்தின வளர்ச்சி வந்திருக்கு ஆண்டவரே. இந்தப் பிஞ்சுச் சரீரத்துல வரக்கூடாத மாற்றமெல்லாம் வருது. இண்ணைக்குத் தலைக்கு ஸ்கேன். கட்டி ஏதும் காணக்கூடாது. இருந்தாலும் நீர் அதைக் கரைச்சுப்போடும்..."

ஜெபினாவின் விரல் போனை நோக்கிப் போனது. சத்தத்தைத் திறந்து என்ன சொல்வது? நிறுத்துங்கள் என்றா? ஜெபத்தின் நடுவிலா? விரல் அங்கேயே தயங்கி நின்றது. அதற்குள் ஜெபம் முடிந்து ஆமென்கள் வரத் தொடங்கின. கரகரத்த ஆண் குரல்கள், தூக்கக் குரல்கள், பின்னணியில் மிக்ஸி ஓடும் ஒரு வீடு. ஒன்றன்பின் ஒன்றாக, நிற்காமல். அவள் இணைப்பைத் துண்டித்தாள்.

"தட்ஸ் மீ" என்று வாசலிலிருந்து குரல் கேட்டது.

ரோஷினி தமிழில் பதில் சொல்வதில்லையே தவிர, எல்லாம் புரியும். ஒன்றே ஒன்றுதான் புரியவில்லை. "அம்மா, வாட் இஸ் கட்டி?"

தலைக்குள் எதைத் தேடப்போகிறார்கள் என்று மகளுக்கு அவர்கள் சொல்லியிருக்கவில்லை. படம் எடுப்பார்கள், அவ்வளவுதான் என்று சொல்லியிருந்தார்கள். ஆபேல் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு மகள் முன்னால் முழங்காலிட்டு ஏதோ சொல்லப் பார்த்தான். அவள் அப்பாவைப் பார்க்கவே இல்லை.

"யூ டோல்ட் ஜூலியட் ஆன்ட்டி." அதில் கேள்வி இல்லை.

ஸ்கேனில் ஒன்றும் இல்லை. சாயங்காலம் டாக்டரின் ஆபீஸிலிருந்து அழைத்துச் சொன்னபோது ஜெபினா சமையலறைத் தரையில் உட்கார்ந்து அழுது நன்றி சொன்னாள். அந்த நன்றியைச் சொல்லும்போதும் காலை ஜெபத்தில் கேட்ட குரல்தான் காதில் ஓடியது. அதற்கப்புறம் ஐக்கியத்து ஆட்களின் போன் ஓயவில்லை. கடைக் கோழி கொடுக்காதே என்றார் ஒருவர். சோயா பாலை நிறுத்து, பிளாஸ்டிக் டப்பாவைத் தூக்கிப் போடு என்றார் இன்னொருவர். ஒரு ஆன்ட்டி, "எங்க சித்தி பேத்திக்கும் ஏழு வயசுலயே ஆச்சு, ஒரு தப்பும் இல்ல" என்று தைரியம் சொன்னார். சாப்பாட்டால் வந்ததல்ல என்று டாக்டர் சொன்னதை ஜெபினா திருப்பித் திருப்பிச் சொன்னாள். யாரும் கேட்டுக்கொண்ட மாதிரி தெரியவில்லை.

ஞாயிறு மாலை ஆராதனைக்குப் போகாமல் இருந்திருக்கலாம். போகாவிட்டால் இன்னும் பேச்சு வருமே என்று போனார்கள். ஆராதனைக்கு முன்பு நடக்கும் பிள்ளைகள் வகுப்பிலிருந்து ரோஷினி பாதியிலேயே வெளியே வந்து அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். வகுப்பில் பிள்ளைகளை வட்டமாக நிற்கவைத்து அவளை நடுவில் நிறுத்தியிருக்கிறார்கள். "தே ப்ரேய்ட் ஃபார் மை பாடி" என்று அப்பாவிடம் சொன்னாள், மிக மெதுவாக.

ஜெபினா நேராக ஹாலின் பின்னால் இருந்த சமையல் இடத்துக்குப் போனாள். ஜூலியட் அக்கா டீக்குக் கப்புகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"நமக்குள்ள இருக்கும்னு சொன்னீங்களே அக்கா."

"பேரச் சொன்னேனா மக்ளே?"

"கிழங்கும் மீனும் கொண்டுவந்தது நான் ஒருத்திதான்."

ஜூலியட் அக்கா சிரித்தாள். "அது ஆண்டவருக்கு அடையாளம் சொன்னது, பிள்ளே."

"ஆண்டவருக்கு அடையாளம் வேணுமா?"

சிரிப்பு போய்விட்டது. "ஜெபம் பண்ணச் சொன்னது நீதானே? நான் ஒருத்தி கேக்கதவிட நாப்பது பேரு கேட்டா நல்லதுன்னு நினைச்சேன். ஸ்கேன் நல்லா வந்துதா இல்லியா?"

"வந்துது."

"பின்ன என்னத்துக்குக் கோவம்?"

ஊரெல்லாம் சொல்லித் திரிந்தாய் என்றால் சண்டை போடலாம். எனக்காக அழுதாய் என்று எப்படிச் சண்டை போடுவது? கேட்டவளும் தானேதான். ஆனாலும் ஒன்று மனதில் கிடந்து அறுத்தது.

"நீங்க நர்ஸு. ஆஸ்பத்திரில ஒரு பேஷண்டப் பத்தி இப்படி வெளிய சொல்லுவீங்களா?"

"அங்க சொன்னா வேலை போவும்." ஜூலியட் அக்கா கப்பைக் கீழே வைத்தாள். "அது வேலை மக்ளே. இது குடும்பம்லா."

ஜெபினா அதற்குமேல் நிற்கவில்லை. அக்காவின் கண்ணில் உண்மையாகவே நீர் இருந்தது. பொய் இல்லை, வன்மம் இல்லை. இருந்திருந்தால் வெறுத்துவிட்டாவது போயிருக்கலாம்.

பாட்டு முடிந்ததும் மைக்கைப் பிடித்தார் தேவதாஸ் அண்ணன். ஜூலியட் அக்காவின் கணவர், ஐக்கியத்தை நடத்துகிறவர். ஜெபத்துக்குப் பதில் கிடைத்தால் கிடைத்தவர் முன்னால் வந்து சாட்சி சொல்ல வேண்டும் என்பது அங்கே வழக்கம். "நம்ம எல்லாரும் இந்த வாரம் பாரத்தோட ஜெபிச்சோம். சகோதரி ஜெபினா முன்ன வந்து ரெண்டு வார்த்தை சொல்லுவாங்க." எல்லோரும் கைதட்டினார்கள்.

ரோஷினி அப்பாவின் மறுபக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அம்மா எழுந்திருக்கிறாளா என்று கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்குச் சொல்ல ஒண்ணும் இல்ல அண்ணா" என்றாள் ஜெபினா, உட்கார்ந்தபடியே.

கைதட்டல் அங்கங்கே விட்டுவிட்டு அடங்கியது. பின் வரிசையில் யாரோ, "கேட்டு வாங்கத் தெரியுது, நன்றி சொல்லத் தெரியல" என்று காதில் விழும்படியே சொன்னார்கள். தேவதாஸ் அண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டு அடுத்த பாட்டின் எண்ணைச் சொன்னார். விமான நிலையத்தில் தொடங்கிய ஏழெட்டு வருஷத்து உறவு அந்தப் பாட்டின் முதல் சரணத்துக்குள் முடிந்துவிட்டது என்று ஜெபினாவுக்குத் தெரிந்தது.

மகளுக்காகத்தான் சாட்சி சொல்ல மறுத்தாள். காரில் ஏறியதும் மகள் ஏதாவது சொல்லுவாள் என்று உள்ளுக்குள் ஓர் எதிர்பார்ப்பு இருந்தது. ரோஷினி அப்பாவிடம் ஏசியைக் குறைக்கச் சொன்னாள். ஒரு வாக்கை மீறிவிட்டு, மேலும் மீறாமல் இருப்பதற்குப் பரிசு கேட்பதா என்று ஜெபினா தன்னையே கேட்டுக்கொண்டாள்.

முதல் ஊசி இரண்டு வாரம் கழித்து. தோலை மரத்துப்போகச் செய்யும் களிம்பைக் காலையிலேயே தொடையில் தடவ வேண்டும். ஜெபினா கையில் எடுத்தபோது ரோஷினி அதை வாங்கிக் கதவைச் சாத்திக்கொண்டு தானே தடவிக்கொண்டாள். கிளினிக்கில் நர்ஸ் பெயரைக் கூப்பிட்டதும் மூவரும் எழுந்தார்கள். ரோஷினி திரும்பி நின்றாள்.

"ஒன்லி அப்பா."

நர்ஸ் ஜெபினாவைப் பார்த்தாள். ஆபேலும் பார்த்தான். ஊசியைக் கண்டாலே முகம் வெளிறிப்போகிற ஆள் அவன். தடுப்பூசிகளுக்கெல்லாம் கார் பார்க்கிங்கில்தான் நிற்பான். அன்று மகளின் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனான். கதவு மூடியது. மகளின் உடலில் எந்த மாற்றத்தையும் முதலில் கண்டவள் ஜெபினாதான். இப்போது சுவரில் ஒட்டியிருந்த ஒட்டகச்சிவிங்கிப் படத்தைப் பார்த்தபடி வெளியே உட்கார்ந்திருந்தாள். உள்ளேயிருந்து அழுகை ஏதும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எழுந்து ஓடியிருப்பாளா, உட்கார்ந்திருப்பாளா என்று அவளுக்கே தெரியவில்லை.

வெளியே வந்த ரோஷினி லேசாக நொண்டினாள். தொடையில் ஒட்டிய சின்ன பிளாஸ்திரி பாவாடைக்கு மேலாகத் துருத்திக்கொண்டு தெரிந்தது. காரில் ஏறி பெல்ட் போட்டதும் ஜெபினாவால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"ரொம்ப வலிச்சுதா மக்ளே?"

ரோஷினி ஜன்னலைப் பார்த்தாள். கோபம் ஒன்றும் இல்லாத குரலில், வகுப்பில் பாடம் ஒப்பிக்கிற மாதிரி சொன்னாள். "தட்ஸ் பிரைவேட், அம்மா."

பக்கத்து சீட்டில் ஆபேல் வாயைத் திறந்தான். மனைவியின் முகத்தைப் பார்க்க அவனுக்குத் தாங்கவில்லை. உள்ளே மகள் எப்படி இருந்தாள், அழுதாளா, யார் கையைப் பிடித்துக்கொண்டாள், எல்லாவற்றையும் சொல்லிவிடத் தயாராக இருந்தான். இந்த உலகத்தில் வேறு எதையும்விட அதைத் தெரிந்துகொள்ளத்தான் ஜெபினா தவித்தாள்.

வேண்டாம் என்று அவனைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். வண்டியை எடுத்தாள். அடுத்த ஊசிக்கு இன்னும் மூன்று மாதம் இருந்தது.