சிவப்பு அட்டை மாட்டிய மரம்

எங்கள் குடியிருப்புச் சங்கத்தில் முக்கால்வாசிப் பேர் ஓசூர் கம்பெனிகளில் சூப்பர்வைசர்கள். ஷிப்ட் முடிந்ததும் மூளையை லாக்கரில் வைத்துப் பூட்டிவிட்டு வருகிறவர்கள். நானும் அதில் ஒருவன், கமிட்டி உறுப்பினர் வேறு. தொழிற்சாலையில் பயன்படாத பொருளுக்குச் சிவப்பு அட்டை மாட்டி, முப்பது நாள் பார்த்துவிட்டு வெளியே தள்ளுவோம். அந்தப் புத்திசாலித்தனத்தைத் தெருவுக்கும் கொண்டுவந்தோம். உடைந்த சைக்கிள், ஓட்டைத் தொட்டி என்று ஆரம்பித்துக் கடைசியில் என் வீட்டுக்கு எதிரே இலையெல்லாம் கொட்டிக் கோணல்மாணலாக நின்ற ஒரு மரத்துக்கு வந்தோம். பட்டுப்போன மரம் என்று முடிவு கட்டியவன் நான்தான். அட்டையை ஆணி வைத்து அடித்தவனும் நான்தான். மறுநாள் ஆணியைச் சுற்றிச் சிவப்பாக ஏதோ கசிந்திருந்தது. துரு என்று நினைத்தேன். புத்தம் புது ஆணியில் துரு! தரக் கட்டுப்பாட்டில் எனக்குப் பதினெட்டு வருட சர்வீஸ்.

மாசியில் மெஷின் பராமரிப்புக்காக நாலு நாள் லைனை நிறுத்தினார்கள். கூட வேலை பார்க்கும் நண்பர், நாட்றாம்பாளையத்தில் தன் அண்ணன் வீட்டுக்கு எங்களைக் கூப்பிட்டார். ஓசூர் குளிருக்குப் பழகிய உடம்பு அங்கே காலை பத்து மணிக்கே வேர்த்துக் கொட்டியது. காட்டோரம் ஒரு இலைகூட இல்லாமல் சில மரங்கள், கிளை முழுக்க ஆரஞ்சு நிறப் பூக்கள். ஒவ்வொன்றும் கிளிமூக்கு மாதிரி வளைந்திருந்தது. வாயைப் பிளந்துகொண்டு போட்டோ எடுத்துத் தள்ளினேன். "பிரேசில் மரமாத்தான் இருக்கும்" என்று மனைவியிடம் அளந்துவிட்டேன்.

ஆடுகளுக்குத் தழை ஒடிக்க வந்த நண்பரின் அண்ணி இதைக் கேட்டுச் சிரித்துவிட்டார்.

"ஏன் சார், பொரச மரத்தப் பாத்ததே இல்லீங்களா? கன்னடத்துல முத்துகான்னு சொல்வாங்க. தையில எலையெல்லாம் கொட்டிட்டு செத்தது மாதிரி நிக்கும். மாசியில இப்படிப் பூக்கும். இதோட எலையில சோறு தின்னிருப்பீங்களே?"

கையிலிருந்த அரிவாளால் பட்டையை லேசாகக் கீறிக் காட்டினார். கொஞ்ச நேரத்தில், என் ஆணியைச் சுற்றிக் கசிந்த அதே சிவப்பு கசிந்தது. நான் மாட்டிய அட்டைக்குக் கெடு முடிய இன்னும் மூன்று நாள் இருந்தது. போனில் சிக்னல் தேடி ஒரு மேட்டின் மேல் ஓடினேன். மூன்றாவது தடவைதான் சங்கச் செயலாளர் எடுத்தார்.

"சார், நம்ம தெரு மரத்தத் தொடாதீங்க. அது உயிரோட இருக்கு" என்றேன் மூச்சிரைக்க.

"தெரியும் சார். கிளையெல்லாம் கறுப்புக் கறுப்பா மொட்டு வெச்சிருச்சு. பூத்துக் கொட்டுனா ரோடெல்லாம் குப்பை. அதான் கெடு முடியற வரைக்கும் வெயிட் பண்ணல, காலையிலயே வெட்டி ஏத்தி அனுப்பிட்டோம். வந்து பாருங்க, ஏரியா எவ்ளோ நீட்டா இருக்குன்னு."

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி அந்த மனுஷனை நாலு கேள்வி கேட்க வேண்டும் போலிருந்தது.

"சூப்பர் சார்" என்றேன்.