மடித்து வைத்த சட்டை

ஞாயிறு மதியம் சோற்றோடு என் அறைத்தோழி காவ்யாவுக்கு ஒரு பிணம் வேண்டும். அடுகோடியில் நாங்கள் தங்கியிருக்கும் பிஜி விடுதியில், தட்டை மடியில் வைத்துக்கொண்டு, விக்டோரியா காலத்து லண்டன் சேரியில் நடக்கும் கொலைத் தொடரை லேப்டாப்பில் ஓடவிடுவாள். மூடுபனி, குதிரை வண்டி, சாக்கடையோரம் ஓர் உடல். அதற்கு முன் மறக்காமல் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்துவாள். பின்புறம் ஓடும் ராஜகாலுவே நாறும். இந்தக் கன்னட ஊரில் பெரிய மழைநீர்க் கால்வாய்க்கு அதுதான் பெயர். ஒரு சாக்கடைக்கு ஜன்னலை மூடிவிட்டு இன்னொரு சாக்கடையை ஆசையாகப் பார்ப்பது வந்த புதிதில் எனக்கு விநோதமாக இருந்தது. பிறகு அவளைவிட நான்தான் ஞாயிற்றுக்கிழமைக்குக் காத்திருந்தேன்.

போன வாரம் ஆற்றில் ஒருவன் மிதந்தான். முகம் சிதைந்திருந்தது. கேமரா கையைக் காட்டியது: தேய்ந்த நகங்கள், விரல் நுனிகளில் குண்டூசி குத்தியதுபோல ஓட்டைகள்.

"டேனரி ஆளு. தோல் ஊறவைக்கிற சுண்ணாம்புக் குழியில வேலை செஞ்சவன்," என்றேன்.

வெகுநேரம் கழித்துத் துப்பறிகிறவரும் அதையே சொன்னார். காவ்யா தலையணையை என்மேல் எறிந்தாள். அவள் தமிழில் பாதி கன்னடம், பார்ப்பதெல்லாம் 'நோடுவது'தான்.

"ஏய் கள்ளி! முன்னாடியே நோடிட்டு சும்மா நடிக்கிறியா?"

"இல்லப்பா. எங்க அப்பா கை இப்பிடித்தான் இருக்கும்."

"அய்யோ தேவி, சக்கத் டயலாக்!"

சிரித்தாள். நான் விளக்கவில்லை. வெட்கத்தால் இல்லை, சொல்லத் தொடங்கினால் அது கையோடு நிற்காது.

எங்கள் ஊர் பாலாற்றங்கரையில். எங்கள் தெருவுக்கே டேனரிதான் சோறு. வீட்டில் பள்ளிப்படிப்பை முடித்த முதல் ஆள் நான், கல்லூரிக்கும் போனேன். எங்கேயும் தலைநிமிர்ந்து சொல்வேன். என் புத்தகங்களை அப்பா விரலால் தொடமாட்டார், புறங்கையால் நகர்த்துவார். விரலில் கசியும் நீர் தாளில் பட்டுவிடுமாம். நான் கல்லூரியில் இருந்தபோது, கழிவுத் தொட்டிக்குள் அவர் செத்துப்போனார். கால் வழுக்கி விழுந்துவிட்டதாக சூப்பர்வைசர் சொன்னார். போலீசும் அதையே எழுதிக்கொண்டது. அன்று சாயங்காலம், அப்பாவோடு வேலை செய்த மணி சித்தப்பா ஒரு சட்டையைக் கொண்டுவந்து அம்மாவிடம் கொடுத்தார். தொட்டிச் சுவர்மேல் இருந்ததாம். நான்காக மடித்திருந்தது. ஈரமே இல்லை.

வழுக்கி விழுகிறவன் சட்டையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டா விழுவான்? சுத்தம் செய்ய யாரோ இறங்கச் சொல்லியிருக்கிறார்கள். யாரென்று ஒருவரும் கேட்கவில்லை.

இந்தத் தொடர்கள் ஏன் எல்லோருக்கும் பிடிக்கின்றன என்று யோசித்திருக்கிறேன். அந்த அழுக்கு நாறாது. அந்த ஏழைகள் எப்போதோ செத்துவிட்டார்கள். பார்க்கிறவர்கள் எதுவும் செய்ய வேண்டியதில்லை. எனக்குப் பிடித்தது வேறு. அங்கே ஒரு கூலிக்காரன் செத்தால், கோட்டுப் போட்ட ஒருவர் விளக்கோடு வந்து சேற்றில் மண்டியிடுகிறார். செத்தவனின் சட்டையைப் பிரித்துப் பார்க்கிறார். யாரால் செத்தான் என்று தெரியும்வரை கதை முடிவதில்லை. அந்தப் பொய்க்காகத்தான் வாராவாரம் உட்கார்ந்திருந்தேன்.

போன வாரம், தொடர் பார்த்த அன்று சாயங்காலம், அம்மாவைப் போனில் கூப்பிட்டேன்.

"மா, இன்னிக்குப் படத்துல அப்பா கை மாதிரியே ஒண்ணப் பாத்தேன். அப்பாவ எறங்கச் சொன்னது யாருன்னு மணி சித்தப்பாவுக்குத் தெரியும்ல?"

"படத்தப் பாத்துட்டு வந்து கேக்குறியா? நாளைக்கும் நான் அந்த கேட்டுக்குள்ளதான்டி போவணும்." அம்மா அதே டேனரியில்தான் பெருக்குகிறாள். "உங்க சித்தப்பனும் அங்கதான் நிக்கிறான். ரெண்டு பேரு சோத்துலயும் மண்ணப் போடாத."

"சட்டைய வச்சிருக்கியா?"

மறுமுனையில் பெட்டி திறக்கும் சத்தம் கேட்டது.

"தொவைக்காம வச்சிருக்கேன்," என்றாள்.

இதை ஊருக்குப் போகும் பஸ்ஸில் எழுதுகிறேன். நேரே மணி சித்தப்பா வீட்டுக்குத்தான். அவர் வாய் திறப்பாரா, திறந்தால் அம்மாவின் வேலை நிற்குமா, தெரியாது. எல்லையிலிருக்கும் அத்திபெலேயைப் பஸ் தாண்டுகிறது, கடைப் பலகைகளில் கன்னடம் குறைந்து தமிழ் வருகிறது. காவ்யாவிடமிருந்து செய்தி: நீ இல்லாம கடைசி எபிசோட் நோடமாட்டேன். கொலைகாரன் யாருன்னு தெரிஞ்சாலும் சொல்லாதே, ப்ளீஸ்.

முன்னால் ஒரு பெட்டிக்குள் இன்னும் யாரும் பிரிக்காத சட்டை. பின்னால், சாத்திய ஜன்னலுக்குள், எனக்காக நிறுத்திவைத்த லண்டன். அதன் பக்கத்தில் என் தலையணை.