முதல் குண்டு

டெல்மர் கிளிங்கருக்கு ஓர் இடத்தில் உட்காரத் தெரியாது. தேவாலயத்தில் பிரசங்கம் கொஞ்சம் நீண்டால் போதும், எழுந்து நிலவறைக்குப் போய் உலை ஒழுங்காக எரிகிறதா என்று பார்த்துவிட்டு வருவான். வீடுகளைச் சூடாக்கும் எண்ணெய் உலைகளைப் பழுது பார்ப்பதுதான் அவன் தொழில் என்பதால் போதகரும் கண்டுகொள்வதில்லை. சாப்பாட்டு மேசையில் அவன் கால் ஆடிக்கொண்டே இருக்கும். மனைவி ட்வைலா அவனுக்குக் காபியைப் பாதிக் கோப்பைதான் ஊற்றுவாள்.

இப்படிப்பட்டவனுக்குப் பொறுமையே மூலதனமான ஒரு வேட்டையின் மேல்தான் பைத்தியம். பென்சில்வேனியா மலைகளில் கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு வரும் அந்தச் சில வாரங்களில், சிக்கிமுக்கிக் கல் உரசிப் பொறி பறந்து சுடும் பழைய மாதிரித் துப்பாக்கியைத்தான் எடுத்துப் போக வேண்டும். குழலின் வாய் வழியே கரிமருந்தைக் கொட்டி, எண்ணெய்த் துணியில் பொதிந்த ஈயக் குண்டை இடித்து இறக்க வேண்டும். அடுத்த குண்டை ஏற்றுவதற்குள் மான் அடுத்த மலை ஏறிவிடும். டெல்மரின் துப்பாக்கி ஏலத்தில் எடுத்தது. முன்பு வைத்திருந்த எவனோ ஒரு மகராசன் சுட்ட குழலைக் கழுவாமலே சுவரில் மாட்டியிருக்கிறான். குழலுக்குள்ளே அடியில் துரு அரித்துக் குழிகுழியாக இருந்தது.

போன ஜனவரியில் எர்மா ஷ்ராக்கின் மலைச்சரிவில் ஒரு பெட்டை மானை நெஞ்சுக்குக் குறி வைத்துச் சுட்டான். குண்டு வயிற்றில் பட்டது. இரத்தத் துளிகளின் தடத்தைப் பிடித்துக்கொண்டே போனான். பனி கொட்டி அதையும் மூடிவிட்டது. எர்மா தனியாகப் பண்ணை நடத்தும் விதவை, அறுபதைக் கடந்தவள், மென்று விழுங்கிப் பேசத் தெரியாதவள். ஏப்ரலில் நாயோடு நடக்கப் போனபோது ஓடையோரத்தில் எலும்பும் தோலுமாக அந்த மானைக் கண்டாள். நேரே டெல்மர் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டாள்.

“தண்ணி தேடி வந்திருக்குப்பா. எத்தன நாள் உசுரோட கெடந்துச்சோ. இனிமே இப்படி ஆகாதுன்னு என் மூஞ்சியப் பாத்து நீ சொல்ற வரைக்கும் என் மலைப் பக்கம் கால் வைக்காத.”

அவனால் சொல்ல முடியவில்லை. வேட்டை போனதுகூடப் பெரிதில்லை. கண்ணை மூடினால் அந்த ஓடைதான் வந்தது. நாலு பேர் வீட்டு உலையைக் கழற்றிக்கொண்டிருக்கும்போதும் வந்தது.

இந்தத் துப்பாக்கிக்கு எவ்வளவு மருந்து ஒத்துவருகிறது என்று கண்டுபிடித்தே தீர்வது என்று இறங்கினான். வேலை முடிந்ததும் வயலோரம் காகிதத் தட்டை ஆணியடித்து ஐம்பது கஜத்திலிருந்து சுடுவான். மருந்தைக் கூட்டுவான், குறைப்பான், நைசானதை விட்டுக் கொரகொரப்பானதைப் போட்டுப் பார்ப்பான். குண்டைப் பொதியும் துணிக்காக வீட்டில் ஒன்றையும் விட்டுவைக்கவில்லை.

“விருந்தாளி அறைத் தலைகாணி உறை எங்க?” என்றாள் ட்வைலா.

“எழுபது கிரெயின் மருந்துக்கு அதான் இறுக்கமா உக்காருது.”

“உன் தங்கச்சி வந்தா எழுபது கிரெயின் மேலயே தலை வச்சுப் படுக்கச் சொல்லு.”

அக்டோபரில் ஒருநாள் குண்டுகள் நெருக்கமாக ஒரே இடத்தில் விழுந்தன. டெல்மர் தட்டைக் கழற்றிக்கொண்டு சமையலறைக்கே ஓடிவந்தான். ட்வைலா மாவுக் கையோடு எட்டிப் பார்த்தாள்.

“நல்லாத்தான் இருக்கு. கீழ வலப்பக்கம் ஒண்ணு மட்டும் ஏன் தனியா கெடக்கு?”

“அது முதல் குண்டு. எண்ணெ தடவி வச்ச குழல்லேருந்து வர்றது. அது கணக்குல சேராது. யாருமே சேக்க மாட்டாங்க.”

“ஓகோ. மானுக்கு ரெண்டாவதுலேருந்துதான் கணக்கா?”

சும்மா வாயைக் கிளறத்தான் கேட்டாள். கேட்டுவிட்டு மாவைப் பிசையப் போய்விட்டாள். டெல்மர் அந்தத் தனி ஓட்டையில் விரலை வைத்துப் பார்த்தான். கொட்டகைக்குப் போய்ப் பழைய தட்டுகளை, போன வேட்டைக்கு முன் சுட்டவை உட்பட, குப்பையிலிருந்து பொறுக்கினான். ஒவ்வொன்றிலும் கீழே வலப்பக்கம் ஒரு தனி ஓட்டை இருந்தது. துருக் குழிகளில் தேங்கிய எண்ணெய் மருந்தை ஈரமாக்கி, முதல் குண்டை மட்டும் இழுத்து விட்டிருக்கிறது. அன்று அந்த மான் இடப்பக்கம் பார்த்து நின்றிருந்தது. நெஞ்சிலிருந்து கீழே, வலப்பக்கம் போனால் வயிறுதான்.

அதன்பின் ஒரு நாளைக்கு ஒரே குண்டு என்று வைத்துக்கொண்டான். சுட்டதும் குழலைக் கழுவி எண்ணெய் போட்டு வைப்பான். மறுநாள் சாராயத்தில் நனைத்த துணியால் அடிவரை துடைத்து, உலர்ந்த துணி சுத்தமாக வெளியே வரும்வரை விடமாட்டான். பிறகு மருந்து, துணி, குண்டு. ஒரு சத்தம், அவ்வளவுதான். அடுத்ததைச் சுடக் கை அரிக்கும். துப்பாக்கியைக் கொட்டகையில் பூட்டிவிட்டுத் தோட்டத்தைச் சுற்றிச் சுற்றி வருவான்.

“ஒண்ணே ஒண்ணா? டாக்டர் எழுதிக் குடுத்தாரா?” என்று ஜன்னல் வழியே ட்வைலா கத்துவாள்.

தட்டை மட்டும் தினமும் மாற்றவில்லை. நாளுக்கொரு ஓட்டையாக அதிலேயே விழுந்தது. முதல் தட்டில் ஓட்டைகள் சிதறின, மருந்தை இன்னும் கொஞ்சம் குறைத்தான், புதுத் தட்டு வைத்தான். டிசம்பரில் எல்லா ஓட்டைகளையும் உள்ளங்கையால் மறைக்க முடிந்தது. எல்லாமே முதல் குண்டுகள்.

எர்மாவின் வீட்டுக்குப் போனான். தட்டை எடுத்துப் போகவில்லை.

“எர்மாக்கா, முதல் குண்டு தப்பா போறது எனக்கு முன்னாடியே தெரியும். கணக்குல சேக்காம விட்டேன். இனிமே அப்படி ஆகாது. அம்பது கஜத்துக்கு மேல தொடவும் மாட்டேன்.”

“சரி, மலைக்குப் போ” என்றாள் எர்மா.

புத்தாண்டுக்குப் பன்றிக்கறியும் புளித்த முட்டைக்கோசும் சாப்பிட்ட மறுநாள் காலை, எர்மாவின் சரிவில் ஒரு பெட்டை மான் வந்தது. நாற்பது கஜம் இருக்கும். திரும்பி நிற்கட்டும் என்று காத்திருந்தான். காத்திருப்பது வலித்தது. அது பக்கவாட்டில் நின்றதும் விசையை இழுத்தான். பொறி பறந்தது, புகை கண்ணை மறைத்தது. புகை விலகியபோது மான் நின்ற இடத்திலேயே கிடந்தது. கால்கூட உதறவில்லை.

மனசு லேசாகிவிடும் என்றுதான் இத்தனை மாதமும் நினைத்திருந்தான். பனியில் மண்டியிட்டு அதன் சூடான கழுத்தில் கை வைத்ததும் அழுகைதான் வந்தது.

மாலையில் ஒரு பின்னந்தொடையைத் துணியில் சுற்றிக்கொண்டு எர்மாவின் வாசலில் போய் நின்றான்.

“ஒரு சத்தந்தான் கேட்டுச்சு” என்றாள் அவள்.

“நின்ன எடத்துலயே விழுந்துருச்சு.”

“நல்லதுதானே. அப்புறம் ஏன் மூஞ்சி இப்படி இருக்கு?”

“போன வருஷத்து மானும் இப்படியே விழுந்திருக்கும், எர்மாக்கா. சாராயத் துணியால ஒரு தடவ தொடச்சிருந்தா போதும். தட்டுல அந்த ஓட்ட என் கண்ணு முன்னாடியேதான் இருந்துச்சு.”

எர்மா கறியைக் கையில் வாங்கிக்கொண்டாள்.

“ஆமாப்பா,” என்றாள். “இருந்துச்சு.”