மெத்தையின் ஓரம்

போன ஞாயிற்றுக்கிழமை ஒசூரில் ஒரு மெத்தைக் கடைக்குப் போனோம், பிள்ளைகளே. நான், என் வீட்டுக்காரி செல்வி, மகள் யாழினி, மகன் கவின்.

செல்விக்கு இடுப்பு வலி. கம்பெனியில் ஷிப்ட் முழுக்க நின்றபடி வேலை. படுத்தால் குறைய வேண்டிய வலி, எழும்போது கூடுகிறது... "இப்படியே போனா வேலைய விட்டுற வேண்டியதுதான்" என்றாள் அதற்கு முந்தின நாள். அவள் ஆசைப்பட்டுச் சேர்ந்த வேலை. எனக்குத் திக்கென்றது.

குற்றவாளி யார்? எங்கள் பழைய இலவம்பஞ்சு மெத்தைதான் என்று முடிவு செய்தேன். நடுவில் குழி விழுந்து கிடக்கிறது.

கடைக்காரர் கன்னடக்காரர். ஒவ்வொன்றாகக் காட்டினார். தேங்காய் நார் மெத்தை — கெட்டி. ஃபோம் — உட்கார்ந்தால் உள்ளே வாங்கிக்கொள்ளும். லேடக்ஸ் — அமுக்கினால் திருப்பி உதைக்கும். விலை அதைவிட உதைக்கும்! பிறகு டாப்பர்... பழைய மெத்தையின் மேலேயே விரிக்கிற இரண்டு அங்குல மெத்தை.

"கீழ குழி இருந்தா மேலயும் குழிதான் சார். பொய் சொல்லக்கூடாதில்ல" என்றார். நல்ல மனிதர்.

செல்வி எல்லாவற்றிலும் படுத்துப் பார்த்தாள். எல்லாவற்றுக்கும் உதட்டைப் பிதுக்கினாள். ஃபோம், "சரியுது." லேடக்ஸ், "தள்ளிவுட்ரும் போல." தேங்காய் நார், "குத்துது."

கடைக்காரர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தார். "அக்கா, அஞ்சடி அகலம் குடுத்திருக்கேன். ஏன் ஸ்கேல் மாதிரி ஓரத்துலயே படுக்குறீங்க? ஸ்வல்ப... கொஞ்சம் நடுவுக்கு வாங்க!"

செல்விக்கு வெட்கம். "பழக்கங்க... நடுவுல எனக்கு ஏது எடம்?"

உண்மைதான். வீட்டில் நடுக்குழியில் பிள்ளைகள் இரண்டும். சுவர்ப் பக்கம் சொகுசாக நான். மறு ஓரத்தில் அவள் — ஒருக்களித்து, ஒரு கையால் கட்டில் சட்டத்தைப் பிடித்தபடி. தினமும் பார்த்தவன்தான் நான். இருந்தும் பழியைப் பஞ்சின் மேல் போட்டேன்!

யாழினி அம்மாவின் தோளைப் பிடித்து உருட்டினாள். "தள்ளும்மா... இன்னும்... ஆங், அங்கியே இரு."

கவின் முகம் சுருங்கியது. "அப்ப நான் எங்க படுக்கறது?"

"என்கூட பாயில. மூச்சு விடக்கூடாது" என்றாள் யாழினி.

செல்வி நடுவில் மல்லாந்து, காலை நீட்டி, கண்ணை மூடினாள். "இது நல்லா இருக்குதுங்க."

எது தெரியுமா? சற்று முன் குத்திய அதே தேங்காய் நார்!

வாங்கிவிட்டோம். வலி முழுசாகப் போகவில்லை. ஆனால் வேலையை விடுகிற பேச்சு இல்லை. பிள்ளைகளோடு நானும் பாய்க்கு இறங்கிவிட்டேன்.

உங்கள் வீட்டில் ஓரத்தில் படுப்பது யார்? காலையில் எழுந்ததும் பாருங்கள்.

கவின் மட்டும் விடிகிற நேரத்தில் மெல்லக் கட்டிலில் ஏறிவிடுகிறான்... ஓரத்தில்தான்!