கனநீரில் வந்த எண்கள்

என் கோபத்தைப் பற்றி எனக்கே ஒரு பெருமை இருந்தது. அம்பத்தூரிலேயே பிறந்து வளர்ந்தவள், வாய் கொஞ்சம் அதிகம்தான். அங்குள்ள இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் நான் வேலை பார்க்கும் மருந்து ஆய்வுக்கூடத்தில், நான் சத்தம் போடுவதால்தான் வேலை சுத்தமாக நடக்கிறது என்று நம்பிக்கொண்டிருந்தேன். போன வருடம் வரைக்கும்.

வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று எங்களுக்கு ஒரு வேலை கொடுத்திருந்தது. நம் உடம்புச் செல்களின் மேல் ஏற்பிகள் உண்டு. மருந்து வந்து ஒட்டிக்கொள்ளும் இடம். அவர்களுடைய மருந்து எவ்வளவு கெட்டியாக அதில் ஒட்டுகிறது என்று சாதாரண நீரில் ஒரு முறையும் கனநீரில் ஒரு முறையும் அளந்து சொல்ல வேண்டும். கனநீரில் இருப்பது எடை கூடிய ஹைட்ரஜன். மருந்தை அதில் கரைத்தால் அதிலுள்ள சில ஹைட்ரஜன்கள் கழன்று, அந்த இடத்தில் கன ஹைட்ரஜன் உட்கார்ந்துகொள்ளும். ஏற்பியிலும் அப்படியே. எடைதானே கூடுகிறது, ரசாயனம் அதேதானே? இரண்டிலும் ஒரே எண்தான் வரும் என்று நான் முடிவே கட்டிவிட்டேன்.

அளந்தவள் பூந்தமல்லிக்காரி. என் வயதுதான், எனக்குக் கீழே ஒப்பந்த வேலை. அந்த வருடம் நிரந்தரமாக்குவதாகச் சொல்லியிருந்தார்கள். கணவருக்கு முதுகில் ஆபரேஷன் ஆகி, அவள் சம்பளத்தில்தான் வீடு ஓடியது.

கனநீரில் மருந்து நன்றாகவே கெட்டியாக ஒட்டுகிறது என்று எண்களைக் கொண்டுவந்து நீட்டினாள்.

"இன்னாது இது?" என்றேன். "பிஎச் மீட்டர் கனநீர்ல கம்மியாக் காட்டும்னு தெரியாதா? அதைக் கணக்குல சேத்துக்கினியா இல்லியா?"

"சேத்துக்கினேன் மேடம். ரெண்டு தபா பாத்தேன்."

"பாத்த லட்சணம் தெரியுது. மறுபடி செய்."

மறுபடியும் அதே எண்கள். எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு ஆத்திரம் வந்ததோ, எல்லோர் முன்னாலும் கத்தினேன். "கண்ணை எங்க வெச்சிக்கினு வேலை செய்ற? ஒழுங்கா செஞ்சா ரெண்டும் ஒண்ணாத்தான் வரும். வரலன்னா நிரந்தரத்தை மறந்துடு!" அவள் பதிவு நோட்டை எடுத்துக்கொண்டு தன் மேசைக்குப் போனாள்.

மூன்றாம் முறை, நான் சொன்ன மாதிரியே வந்தது. இரண்டு வரிசையும் ஒன்று போல. "பாத்தியா? மனசு வெச்சா வருது இல்ல?" என்று சொல்லி, அந்தப் பக்கத்தின் அடியில் சரிபார்த்ததாகக் கையெழுத்துப் போட்டேன். இயந்திரம் அச்சடித்துத் தரும் சீட்டை அதில் ஒட்டியிருக்க வேண்டும். அவள் ஒட்டவில்லை. நானும் கேட்கவில்லை.

அடுத்த வாரம் அவள் கணவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போக லீவு போட்டாள். மருந்தின் இன்னொரு அளவிலும் செய்து பார்க்கக் கம்பெனி சொன்னதால் நானே உட்கார்ந்தேன். கனநீர் வரிசை எகிறிக்கொண்டு வந்தது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மறுநாள் எல்லாவற்றையும் புதிதாகக் கலந்து செய்தேன். அதேதான்.

அதற்குப் பிறகுதான் படிக்கவே செய்தேன். கன ஹைட்ரஜன் கொஞ்சம் அடக்கமாக அதிருமாம். மருந்துக்கும் ஏற்பிக்கும் நடுவிலுள்ள பிணைப்பு அதனால் மாறுமாம். சில மருந்து கூடுதலாக ஒட்டும், சில குறைவாக ஒட்டும். அதை அளக்கத்தான் அவர்கள் எங்களிடம் கொடுத்ததே. அந்த வெட்கம்கூடப் பரவாயில்லை. அப்படியானால் மூன்றாம் பக்கம் எப்படி வந்தது? இயந்திரத்தின் நினைவில் தேடினேன். அன்றைய அளவீடு அப்படியே இருந்தது. முதல் இரண்டு முறை வந்ததுதான் மூன்றாம் முறையும் வந்திருந்தது.

அவள் வந்ததும் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"மூணாவது தபா ஏன் மாத்தி எழுதுன?"

"நீங்க அவ்ளோ அடிச்சி சொன்னீங்க மேடம். எங்கிட்டதான் இன்னாவோ கோளாறுன்னு நெனச்சிட்டேன். நீங்க சொன்ன நம்பர்தான் நெஜம்னு எழுதிட்டேன்."

அடிப்பாவி என்று வாய்வரை வந்தது. யாரைச் சொல்ல?

பொய்யான அறிக்கையை அனுப்ப முடியாது. மேலாளரிடம் போய் ஒன்று விடாமல் சொன்னேன். நான்தான் மிரட்டினேன், என் கையெழுத்தும் இருக்கிறது என்றேன். "எண்ணை மாத்தினவங்களை வெச்சுக்க முடியாதும்மா, விதி அப்படி. உங்களுக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் வரும்," என்றார். சார், சார் என்று எவ்வளவோ கெஞ்சினேன். அன்று சாயங்காலமே அவளுடைய அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார்கள். திருத்திய எண்களைப் பார்த்து அந்தக் கம்பெனி பாராட்டி எழுதியது. பாராட்டு என் பெயருக்கு வந்தது.

பத்து நாள் கழித்துத்தான் அவளுக்குப் போன் போடத் தைரியம் வந்தது. "என்னை மன்னிச்சிடும்மா," என்று சொன்னதுமே அழுகை வந்துவிட்டது.

"மேடம், நீங்க செஞ்சப்பவும் நெஜமாவே அப்டித்தான் வந்துச்சா?"

"அப்டியேதான் வந்துச்சு."

"அப்ப நான் மொத தபாவே சரியாத்தான் செஞ்சிருக்கேன்," என்றாள். பிறகு அவசரமாக, "வெச்சிடாதீங்க மேடம், ஸ்பீக்கர்ல போடறேன். இன்னொரு தபா சொல்லுங்க. எங்க ஊட்டுக்காரரு கேக்கட்டும்."