மாதா முகமும் கொடிப் பச்சையும்

பழைய சுவடியில் இருக்கிற வண்ணம் எதனால் ஆனது என்று சோதித்துச் சொல்லும் வேலையில், கேட்டு வந்தவருக்குப் பிடித்த பதிலை நான் சொன்னதாக நினைவே இல்லை. எழுபதுகளில் தூத்துக்குடிக் கல்லூரி ஒன்றின் வேதியியல் ஆய்வுக்கூடத்தில் இருந்தேன். சோதனைக் குழாயோடு மாரடித்தவர்களுக்கு என் பாடு புரியும்.

நாயக்கர் கால நீலம்

ஏரலிலிருந்து ஒரு பழம்பொருள் வியாபாரி படம் போட்ட சுவடி ஒன்றைக் கொண்டுவந்தார். நாயக்கர் காலத்தது என்று எழுதிக் கொடுத்தால் போதுமாம். கிருஷ்ணன் உடம்பிலிருந்த நீலத்தை ஊசிமுனை அளவு சுரண்டி அமிலம் விட்டேன். நிறம் பறந்து, அழுகின முட்டை வாடை அடித்தது. நுண்ணோக்கியில் பார்த்தால் ஒரே அளவான பொடி, ஆலையில் செய்தது. வேட்டிக்குப் போடும் சலவை நீலம்! எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர் அசையவேயில்லை.

"அப்போ நாயக்கர் காலத்துலயே வேட்டிக்கு நீலம் போட்டிருக்கான்னு எழுதிக் குடுங்க, சார்."

கறுத்த முகம்

உபதேசியார் சந்தியாகு, கடலோரக் கோயிலில் ஜெபம் சொல்லித் தருகிறவர். நூறு வருஷத்துக்கு முந்திய ஜெபப் புத்தகத்தைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தார். கையால் எழுதி வண்ணம் தீட்டியது. அதில் மாதாவின் முகம் கரியாகக் கறுத்திருந்தது. ஒரு தோணி கவிழ்ந்து ஆட்கள் போனதிலிருந்து, யார் செய்த பாவத்தால் மாதா முகம் கறுத்தது என்று ஊரே அடித்துக்கொள்கிறதாம். ஒரு குடும்பத்தைக் கோயிலுக்குள்ளேயே விடவில்லையாம்.

அது ஈயத்தில் செய்த வெள்ளை. மீன் அழுகும் காற்று பட்டால் கறுக்கும் என்றேன். அவர் நம்பவில்லை. ஹைட்ரஜன் பெராக்சைடைத் தூரிகையால் தொட்டு மெல்ல ஒற்றினேன். நெற்றி வெளுத்தது, கன்னம் வெளுத்தது. உபதேசியார் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"எம் மாதாவே! அப்போ அந்தக் குடும்பத்தை எதுக்கு சார் விரட்டுனோம்?"

கொடிப் பச்சை

மற்றப் பக்கங்களையும் காட்டுகிறேன் என்று எழுந்தவர், விரலை நாக்கில் தொட்டுத் தாளைப் புரட்டினார். மறுபடி தொட்டார், புரட்டினார். ஒவ்வொரு தாளின் ஓரத்திலும் பச்சைக் கொடி வரைந்திருந்தது. விரல் படும் மூலையில் மட்டும் பச்சை தேய்ந்துபோயிருந்தது.

அந்தக் காலத்துப் பச்சை வண்ணம் சிலதில் விஷம் உண்டு. ஒரு துகள் எடுத்துச் சோதித்தேன். குழாய்வாயில் வைத்திருந்த சோதனைத் தாள் மஞ்சளாகி, பழுப்பாகியது. ஆர்செனிக். பாஷாணம்! அவர் கையைப் பிடித்துத் திருப்பினேன். உள்ளங்கை முழுக்கக் கெட்டியான புள்ளிகள்.

"வயித்துவலி உண்டா?"

"வருஷக்கணக்கா இருக்கு, சார். அல்சருன்னு சொல்லுதாங்க."

புத்தகத்தைப் பிடுங்கினேன், கையைக் கழுவ வைத்தேன், ரிக்ஷாவில் ஏற்றி டாக்டரிடம் கொண்டுபோனேன். நகத்தை வெட்டிச் சோதித்ததில் அதிலும் பாஷாணம் இருந்தது. சில மாதங்களில் வயிறு சரியாகிவிட்டது. பாதத்து மதமதப்பு மட்டும் போகவில்லை. விரட்டிய குடும்பத்தின் வீட்டுக்கு அவரே போய்க் கையைப் பிடித்துக் கூட்டிவந்தாராம். அதைச் சொல்ல வந்தவர், சொல்லி முடித்தும் போகாமல் வாசலிலேயே நின்றார்.

"எனக்கு முந்தி இருந்த ரெண்டு உபதேசியாரும் வயித்துவலியிலதான் செத்தாங்க, சார்."

மொத்தத்தில், அதிர்ந்துபோவதற்கென்றே மாதச் சம்பளம் வாங்கிய ஆள் தூத்துக்குடியில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.